மாமனாரைத் தேடிய தேர்

எங்க வூட்ல அஞ்சு வயசுப் பையனை அவன் அம்மா 'வாங்க, போங்க'ன்னுதான் கூப்பிடுவா. சிரிக்கிறவங்க சிரிச்சிக்கோங்க. என் பொண்டாட்டி தனக்கொடி அதையெல்லாம் காதுலயே வாங்க மாட்டா.

கல்யாணமாகி எட்டு வருஷம் எங்களுக்குப் புள்ள இல்ல. எங்க ஊரு மண்ணாடிப்பட்டுல அவளைப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசுவாங்க. பேசினவங்களைக் கரும்புக் கொல்லையில நின்னுகிட்டே வைவாரு எங்கப்பா நமச்சிவாயம். அவரு படுக்கையில விழுந்ததும் பீ மூத்திரம் அள்ளினது இவதான். சாவறதுக்கு முன்னாடி இவ கையைப் புடிச்சி, "அழுவாதம்மா, நானே வந்து உன் வயித்துல பொறக்குறேன்"ன்னாரு. அடுத்த வருஷமே பையன் பொறந்தான்.

அப்பா பேரையே வச்சோம். மாமனார் பேரை மருமக வாயால சொல்லலாமா? அதனால இவளுக்கு அவன் 'மாமா'. சோத்தை வாரி இறைச்சாலும், "இப்படிப் பண்ணலாமா மாமா?" அவ்ளோதான். நான் ஒரு தட்டு தட்டினா, பெத்த அப்பனையே அடிக்கிறியான்னு சண்டைக்கு வருவா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். செத்தவரு எப்படிடி திரும்பி வருவாருன்னு கேட்டா, உனக்கு இன்னா தெரியும்னுடுவா.

போன வருஷம் வில்லியனூர் தேருக்குப் போனோம். நான் வடம் புடிக்கப் போயிட்டேன். பையன் இவ கையை உதறிட்டு கூட்டத்துல பூந்துட்டான். "மாமா, மாமா"ன்னு அழுதுகிட்டே ஓடியிருக்கா. பாவம் ஜனங்க, வேட்டி கட்டின கெழவரைத் தேடியிருக்காங்க. மைக்ல பேசறவரும், "வயசான பெரியவர் ஒருத்தரைக் காணோம்"னு ஆரம்பிச்சிட்டாரு.

"இல்லீங்க, நாலு வயசு, நான் பெத்த புள்ளைங்க."

"பேரு இன்னாம்மா?"

இவளுக்கு வாய் வரல. அவரு மைக்கை இவ கையில குடுத்து, "நீயே கூப்பிடும்மா, உன் கொரலு கேட்டா வருவான்"னாரு.

வடத்தைப் புடிச்சிகிட்டு நின்ன எனக்கு ஸ்பீக்கர்ல இவ கொரலு கேட்டுச்சு. "நமச்சிவாயம்! டேய் நமச்சிவாயம், அம்மா இங்க இருக்கேன், வாடா!" வடத்தை வுட்டுட்டு ஓடினேன்.

நான் போறதுக்குள்ள பலூன்காரர் பையனைத் தூக்கிட்டு வந்து வுட்டிருந்தாரு. இவ அவனைக் கட்டிப்புடிச்சி, "பேரைச் சொல்லிட்டேன், கோச்சிக்காதீங்க மாமா"ன்னு தேம்பிகிட்டு இருந்தா. அவன் இவ கையைப் புடிச்சி, "அழுவாதம்மா"ன்னான்.

பைக்ல அவனை முன்னாடி உக்கார வச்சேன். "கெட்டியா புடிச்சிக்கோங்கப்பா"ன்னேன்.