எதைப் போல இருந்தது?

எங்கள் தலைமையாசிரியர் கரும்பலகையைத் துடைத்த ஒரு காலைப்பொழுது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘என் அம்மாவின் முகம் தாமரையைப் போல இருந்தது’ என்று பலகையில் எழுதியிருந்தான். அவர் ஈரத்துணியால் ‘தாமரையை’ என்ற சொல்லை மட்டும் துடைத்தார். ‘போல’ அப்படியே இருந்தது.

“தாமரையப் பாத்திருக்கியா சாமி?”

“இல்லீங்க.”

“அப்ப நீ பாத்த ஒண்ணச் சொல்லு.”

பையன் வெகுநேரம் நின்றான். பிறகு, “களி கிண்டி இறக்கின பானையாட்டம் வேர்த்திருக்குமுங்க” என்றான். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதைத் தம் கையாலேயே பலகையில் எழுதினார்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கூடம் அது. பயிற்சி முடித்த கையோடு உதவி ஆசிரியராகப் போயிருந்தேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும் என்று உவமைகளை வரிசையாக எழுதிக் கொடுப்பது என் வழக்கம். ஒருநாள் தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இரவல் வேட்டியாட்டம் தம்பி. இடுப்புல நிக்காது” என்றார். மறுநாள் பிள்ளைகளைக் கடலைக்காட்டு வரப்புக்குக் கூட்டிப்போய், மண்ணைத் தொடச்சொல்லி, “எதைப் போல இருக்குது?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அவருடைய பாடம். பதில் வரும்வரை காத்திருப்பார். அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தவரை என் உத்தியோக காலத்தில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மேட்டூர் அணையில் தண்ணீர் தேக்கியபோது மூழ்கிப்போன ஊர்களில் ஒன்றிலிருந்து வந்த குடும்பம். அங்கே சொந்தக் காடும் வீடுமாக இருந்தவர், அவள் அப்பா. இங்கே ஒரு பண்ணையத்தில் கூலிக்கு ஏர் ஓட்டினார். அந்த ஊரைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. மகளும் அப்படியே. தலைமையாசிரியரின் கேள்விக்குப் பதில் சொல்லாத ஒரே பிள்ளை அவள்தான். அவரும் வற்புறுத்தியதில்லை.

ஒருநாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகளைச் சோதிக்க அவரே தலைப்புக் கொடுத்தார்: ‘மேட்டூர் அணை.’ அணையைக் கண்டு தேசமே வியந்துகொண்டிருந்த காலம். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு பையன்கள் படித்தார்கள். அணை மலையைப் போல நின்றது, காவேரி தாயைப் போலக் காத்தாள். இன்ஸ்பெக்டர் தலையசைத்துக்கொண்டே அவளைக் கை காட்டினார். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தலைமையாசிரியர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரோ, “படி சாமி” என்றார்.

அவள் படித்தாள்: “எங்கள் வீட்டை விலைக்கு வாங்கியவர் பார்க்க வருவதைப் போலத் தண்ணீர் வந்தது. அது அவசரப்படவில்லை. முதலில் வாசலில் நின்றது. பிறகு உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தது. நாங்கள் வெளியே நின்றோம்.”

இன்ஸ்பெக்டர் முகம் இறுகிவிட்டது. “இதுதான் நீர் சொல்லிக்கொடுக்கும் லட்சணமா?” என்றார்.

“எதைப் போல இருந்துச்சுன்னு கேக்கறதோட என் வேலை முடிஞ்சுதுங்க,” என்றார் தலைமையாசிரியர். “பதில் அந்தப் புள்ளையோடது.”

அடுத்த மாதமே அவருக்குக் கொல்லிமலை அடிவாரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதன் பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்களில் நான் தமிழ் நடத்தினேன். உவமைகளை எழுதிக் கொடுக்கும் வழக்கம் மட்டும் அன்றோடு போயிற்று. இப்போதைய பிள்ளைகள் மேட்டூருக்கு உல்லாசப் பயணம் போய்வந்து, நீர்த்தேக்கம் கடலைப் போல இருந்தது என்கிறார்கள். அவர்கள் பார்த்தது அது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

தலைமையாசிரியர் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். மகளும் கூட வந்திருந்தாள். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

“ஏனுங்க, எம்புள்ள என்னமோ எழுதிப்போட்டாளாமா. அதுனாலதான் உங்களுக்கு இந்தக் கஷ்டம்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. மன்னிச்சுருங்க சாமி.”

தலைமையாசிரியர் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். பிறகு மேசையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மகளிடம் கொடுத்து, “அப்பாவுக்குப் படிச்சுக் காட்டு” என்றார்.

அவள் படித்தாள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்த பிறகும் தலை நிமிரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். கடைசியில் அப்பா மகளிடம் மெல்லச் சொன்னார்:

“வாசலுக்கு முந்தி கட்டுத்தரைக்குத்தான் சாமி வந்துச்சு. மாட்டையெல்லாம் அவுத்துட்டனா, வெறும் முளைக்குச்சி மட்டும் நின்னுது. அதச் சுத்திச் சுத்தி வந்துச்சு. அதையும் எழுதிக்க.”

அவள் பேனாவைக் கேட்டு வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்.