கொசு கல்யாணம்

காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் இசைத்தட்டின் நடுவே கடிகாரம் பொருத்தி விற்கிறார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நாகசுரக் கச்சேரி. விரலால் தடவினால் வரிகள் இன்னும் நெருடின.

"கேக்கவா போறீக? சும்மா சுவத்துல மாட்டி வைங்க ஆச்சி," என்றார் கடைக்காரர். எனக்குச் சுரீரென்று கோபம் ஏறியது.

எழுபதுகளின் தொடக்கம். கோட்டையூரில் எங்கள் வீட்டில் அப்பா ஒரு ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்தார். கணவனை இழந்து எங்களோடு வந்து இருந்த அத்தைக்கு நாகசுரம் என்றால் உயிர். ஆனால் அது மங்கல வாத்தியமாம், அவர் கேட்கக் கூடாதாம். தட்டைப் போடுமுன் அப்பா சொல்லிவிடுவார்: "நீ அங்குட்டுப் போயி இரு."

அப்பா வெளியே போன மதியங்களில் அத்தை சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுத் தட்டைச் சுற்றவிடுவார். அப்போதும் ஊசியிலிருந்து மெல்லிசாக ஓர் ஒலி கசியும். அதன் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, "கொசு கல்யாணம் நடக்குதுடி, நீயும் வா," என்று சிரிப்பார். தெருவையே நிறைக்கிற வாத்தியத்தை அந்த மனுஷி கொசுச் சத்தமாகவே கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தத் தட்டை வாங்கிவந்து கடிகாரத்தைப் பிடுங்கி எறிந்தேன். அப்பாவின் அதே பழைய பிளேயரில் வைத்துச் சத்தத்தைக் கடைசிவரை திருகினேன். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"என்ன ஆச்சி, வீட்டுல விசேஷமா?"

"எங்க அத்தை கேக்குறாக. குறைக்க மாட்டேன்."