அக்காவின் சனிக்கிழமைகள்

கார் வாங்கிய நாளிலிருந்து சனிக்கிழமை விடிந்தால் எனக்குச் சென்னையில் இருப்புக் கொள்ளாது. ஆபீஸ் தோழிகள் இருவரை ஏற்றிக்கொள்வேன். டிக்கியில் கூடாரம், பாய், ஒரு சின்ன கேஸ் அடுப்பு. திண்டிவனம் வந்ததும் இறங்கி டீ குடிப்போம். அங்கிருந்து நேராகப் போனால் விழுப்புரம், எங்கள் வீடு. நாங்கள் செஞ்சி ரோட்டில் திரும்பிவிடுவோம்.

விழுப்புரம் வீட்டில் அப்பாவும் அக்காவும் இருந்தார்கள். அம்மா இறந்து பல வருடமாகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. அக்கா ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தாள். கல்யாணம் அமையவில்லை. அப்பா படுத்ததும் வேலையை விட்டுவிட்டாள். "நீ நல்ல வேலைல இருக்க, நீ ஏன் விடணும்?" என்று அவளே சொன்னாள். அப்போது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதனால் நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மற்ற வாரங்களில் போன் செய்தால், "இந்த சனிக்கிழமையும் ஆபீஸா?" என்று கேட்பாள். "ஆமாக்கா, ரொம்ப பேஜாரு" என்பேன். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடும் படங்கள் அவளுக்குத் தெரியாதபடி வைத்திருந்தேன். புது போன் மாற்றியபோது அதை மறந்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை அவளே கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த டென்ட்டுக்குள்ள வேர்க்காதாடி? ஃபேன் இல்லாம எப்படித் தூங்குறீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். பொய் சொன்னதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஜிப் எங்கே இருக்கும், பூச்சி வருமா, காலையில் பாத்ரூமுக்கு என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். போனை வைத்த பிறகு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

மறு வாரமே அவளைக் கூட்டிப்போவதென்று முடிவெடுத்தேன். எங்கள் தெருவில் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருந்தார். அவரிடம் அப்பாவை ஒப்படைத்தோம். அக்கா அவருக்குக் கஞ்சியின் பக்குவம் சொன்னாள், மாத்திரை சொன்னாள், கார்வரைக்கும் வந்துவிட்டு மறுபடி உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

"நீ கெளம்பும்மா, நான் பாத்துக்கிறேன். இதாம்மா என் வேலையே" என்று அவர் சிரித்தார்.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே ஏரியை ஒட்டி ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரர் கூடாரம் போட விடுவார். இந்த முறை நாங்கள் இரண்டு பேர் மட்டும். அக்கா புளிச்சோறும் அவித்த மல்லாட்டைக் கடலையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூடாரத்தின் கம்பிகளை மாட்டும்போது சின்னப் பிள்ளை மாதிரி குறுக்கே குறுக்கே வந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "உள்ள படுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

படுத்தவள் தூங்கிவிட்டாள். ஏரி, பாறைக் குன்று, சாயங்கால வெளிச்சம் எல்லாம் காட்டவேண்டும் என்று நான் மனதில் வரிசை போட்டு வைத்திருந்தேன். அவள் வாயைத் திறந்துகொண்டு, சேலை விலகியதுகூடத் தெரியாமல் தூங்கினாள். நான் வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்து வலைத்துணி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கைப் புண் வராமலிருக்க அப்பாவை இரவெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் போடவேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டதோடு சரி. அப்படிச் செய்கிறவள் எப்போது தூங்குவாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வெயில் சாய்ந்தபோது திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். "அய்யோ, அப்பாவத் திருப்பணும்டி!" என்று கையை நீட்டித் துழாவினாள். துணிக்கூரை கண்ணில் பட்டது. என்னைப் பார்த்தாள். மெல்லச் சிரித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். பிறகு அவளே எழுந்து வந்து, குன்றின் மேல் பாதி தூரம் என்னை முந்திக்கொண்டு ஏறினாள்.

மறுநாள் வீடு திரும்பியபோது அப்பா சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஒரு வாய் வாங்கல. கஞ்சிய ஊட்டுனா துப்பிட்டாரு. வாசலையே பாத்துக்கினு இருந்தாரு" என்றார் அந்த அண்ணன்.

அக்கா கஞ்சியைச் சுடவைத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டேன். "வேணாம்டி" என்றாள். அப்பா சாப்பிடாததற்காகத்தான் என்று நினைத்தேன்.

"அதுக்கில்ல. போறது நல்லாத்தான் இருந்திச்சி. திரும்பி வரும்போதுதான்... விக்கிரவாண்டி டோல்கேட்டுகிட்ட வண்டி நின்னுச்சில்ல, அப்ப ஒரு நிமிஷம், நம்ம போறதுக்குள்ள அவருக்கு எல்லாம் முடிஞ்சிருந்தா பரவால்லன்னு தோணிச்சி. நான் இன்னா ஜென்மம்டி? அவரு அங்க சோறு தண்ணி இல்லாம வாசலப் பாத்துக்கினு கெடக்குறாரு."

"எல்லாருக்கும் அப்படித் தோணும்க்கா" என்றேன்.

"உனக்குத் தோணிச்சா?"

எனக்குத் தோன்றியதில்லை. தோன்றும்படி நான் அங்கே இருந்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வது, அவள் வெளியே போவது என்று பேசிக்கொண்டோம். முதல் தடவை எங்கே போவதென்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு திருவக்கரை பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, மரம் கல்லாகிக் கிடக்கும் அந்தப் பூங்காவில் சாயங்காலம் வரை இருந்தாளாம். "ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்துக்கினே இருந்தேன்" என்றாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

அப்பாவைத் திருப்பிப் போட நானும் கற்றுக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே கை கொடுத்து, தோளைப் பிடித்து, ஒரே மூச்சில். முதலில் என் கையில் சாப்பிட மறுத்தார், பிறகு வேறு வழியில்லாமல் சாப்பிட்டார். நான் நல்லவளாகிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

போன மாதம் அக்காவின் பழைய பள்ளித் தோழிகள் வேன் பிடித்து ஏற்காடு போவதாக இருந்தார்கள். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புவது. அவள் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ரெண்டு நைட்டு ஆவும்டி. பாத்துப்பியா?"

அந்தச் சனிக்கிழமை என் தோழிகளோடு கல்வராயன் மலைக்குப் போவதாக ஏற்பாடு. எத்தனையோ வாரமாகப் பேசி வைத்தது. நான் உடனே பதில் சொல்லவில்லை. பெரிய நேரமெல்லாம் இல்லை, ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"இல்ல, நான் வேணா ஒரு நைட்டுல வந்துர்றேன்" என்றாள் அவள்.

"அய்யோ, அதெல்லாம் வேணாம்க்கா. நீ நல்லா போய் இருந்துட்டு வா. எனக்கு ஒரு வேலையும் இல்ல."

வெள்ளிக்கிழமை லீவு போட்டு வந்தேன். அவள் புதுச் சேலை கட்டி வேனில் ஏறினாள். சனிக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா பையோடு நின்றாள். தோழிகளை அங்கேயே விட்டுவிட்டு, விடியற்காலையில் தனியாக பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

"இன்னாக்கா, அதுக்குள்ள?"

"போரடிச்சிதுடி. ஒரே பனி, ஒண்ணும் தெரியல." கை கால் கழுவிவிட்டு வந்து என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "நீ ஜல்தியா கெளம்பு. இப்ப போனா இருட்டறதுக்குள்ள அவுங்களப் புடிச்சிரலாம்."

கல்வராயன் மலையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவேயில்லை. அன்று போனில் நான் தயங்கிய அந்த ஒரு மூச்சு நேரம் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அவள் அப்பாவின் வாயைத் துடைத்தாள். அப்பா அவளைப் பார்த்து, கோணிய வாயால் சிரித்தார். "போகலக்கா, நீ கொஞ்சம் படு" என்று சொல்ல வந்தேன். சொல்லியிருந்தால் அவளும் படுத்திருப்பாள். எவ்வளவு களைத்துப் போயிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் கிளம்பினேன். உளுந்தூர்பேட்டை தாண்டும்போது தோழிகள் கூப்பிட்டார்கள். வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.