குறுக்குப் பாதையில் கிடந்த மிலாறு

பாதையின் குறுக்கே மிலாறைப் போட்டது நான்தான். மாரியாயி அத்தை இல்லை. நான்!

எழுதிவிட்டேன். நான்காம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கத் தெரியாதவள். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற துணிச்சலில்தான் இதைச் சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதுவரை கணக்கப்பிள்ளையிடம் மட்டுந்தான் சைக்கிள் இருந்தது. பிறகு தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் இளவட்டங்களும் ஒவ்வொருவராகப் பழைய சைக்கிள் வாங்கினார்கள். வாங்கி என்ன செய்ய? வண்டிப்பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். முழுக்கக் கல்லும் குழியும்.

மாரியாயி அத்தையின் மகன்தான் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய் நின்றார். தேயிலைச் செடியில் கை வைக்காமல், மலை நடுவே போகும் ஒற்றையடிப் பாதையைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்கிறோம் என்று கேட்டார். யாருக்காவது அடிபட்டால் அன்றைக்கே மூடிவிடுவேன் என்று சொல்லித் துரை சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். தண்ணீர் ஓடும் கான்களின் மேல் பலகை போட்டார்கள். மேல் லயத்திலிருந்து ரோட்டு வரைக்கும் ஒரே சரிவு. ஏறும்போது தள்ளினார்கள், இறங்கும்போது பறந்தார்கள்! பந்து விளையாட, படம் பார்க்க, காய்ச்சல்காரனுக்கு மருந்து வாங்க... எல்லாவற்றுக்கும் அந்தப் பாதைதான். பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள்கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

ஆனால் அது எங்கள் பாதையும் அல்லவா? கொழுந்து நிறைந்த கூடையோடு பெண்கள் நாங்களும் அதிலேதான் நடந்தோம். கூடைக் கயிறு தலையில் இறுகிக் கிடக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. அப்போது பின்னாலிருந்து மணி அடித்தால்...? எந்தப் பக்கம் ஒதுங்குவது? அதைச் சைக்கிள்காரர்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் என் பின்னால் மணி அடித்தது.

"ஏய், கழுத்துச் சுளுக்கி! வழி விடு!"

மாரியாயி அத்தையின் மகன். நான் இடது பக்கம் கால் வைத்தேன், அங்கே கான்! கூடையோடு கவிழ்ந்தேன். கொழுந்தெல்லாம் சேற்றில். பின்னால் வந்த பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சேற்றுக் கொழுந்தைக் கணக்கப்பிள்ளை எடுக்கவில்லை; அன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான் போட்டார், பாதி நாள் கூலி.

எனக்காகப் பேசியது மாரியாயி அத்தைதான். மறுநாள் காலையில், ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எல்லாரும் கேட்க மகனைப் பிடித்துக்கொண்டது.

"ஏன்டா, பொம்பள புள்ளைய கான்ல தள்ளிட்டுப் பல்ல காட்டுறியா? மிலாற அள்ளிக் குறுக்கால போட்டாத்தான்டா நீங்கள்லாம் அடங்குவீங்க!"

"போடேன் ஆத்தா, தாண்டிக் குதிச்சுக் காட்டுறேன்!"

களமே சிரித்தது. நான் மட்டும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம், கவ்வாத்து வெட்டிய மலையில் விறகுக்கு மிலாறு பொறுக்கினேன். மிலாறு என்றால் வெட்டிப் போட்ட தேயிலைக் கிளை. இரும்பு மாதிரி இருக்கும். கட்டிய சுமை ஒன்றைப் பாதை வளைகிற இடத்தில் அவிழ்த்துப் பரப்பினேன். பக்கத்துப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

அவர் சைக்கிளை விட்டு இறங்கி நடக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை... அவ்வளவுதானா? விழுந்தால் விழட்டும் என்று மனதின் ஒரு மூலை சொல்லவில்லையா? இத்தனை வயதிலும் எனக்கு அது தெளியவில்லை.

திடீரென்று பனிமூட்டம் இறங்கியது. பாதை மறைந்தது, நான் போட்ட மிலாறும் மறைந்தது! மேலே மணிச்சத்தம். எழுந்தேன். "நில்லுங்க!" என்று ஒரே ஒரு சொல்... வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மணி கிட்டே வந்தது. வாய் திறந்தபடியே நின்றேன்.

இரும்பு உருளும் சத்தம். பிறகு, "ஆத்தா!" என்ற அலறல்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. கானுக்குள் இறங்கிக் குனிந்தபடியே லயத்துக்குப் போய்விட்டேன். வேறு யாரோதான் அவரைத் தூக்கி வந்தார்கள். முழங்கால் நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவே இல்லை.

யார் போட்டது என்று யாரும் தேடவில்லை. முந்தைய பேச்சு எல்லார் காதிலும் இருந்ததே! அத்தை மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தது. யாரும் நம்பவில்லை. பெற்ற மகனும் நம்பவில்லை. துரை பாதையை மூடச் சொன்னார். மண் வெட்டிய பையன்களே அதில் தேயிலைக் கன்று நட்டார்கள். சைக்கிள்களை லயத்துக் கூரையில் தொங்கவிட்டார்கள். அத்தை பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால், "மகன் காலை ஒடச்ச மவராசி வருது" என்று மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

நானும் நகர்ந்தேன்.

கால் போனவருக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. எனக்கு அவர் முறை மாப்பிள்ளை. கேட்டபோது சம்மதம் என்று நான் தலையை ஆட்டினேன். தங்கமான பிள்ளை என்று தோட்டமே சொன்னது. கட்டிக்கொண்டால் பாவம் கழியும் என்று கணக்குப் போட்டேன் நான்! அவர் பெயரை அன்றிலிருந்து வாயால் சொன்னதில்லை. எழுதவும் இப்போது கை வரவில்லை.

லயத்தின் ஒரே அறையில், ஒரே காம்பராவில்தான் மூன்று பேரும் இருந்தோம். மகன் தாயோடு பேசமாட்டார். "அவங்களுக்குச் சோறு வையி" என்று என்னிடம் சொல்லுவார். அந்தச் சோற்றை என் கையால் வைத்தேன்... வருடக்கணக்காக.

அத்தை படுத்த படுக்கையானபோது ஒரு நாள் என் கையைப் பிடித்தது.

"நெசமாச் சொல்லு புள்ள. நாந்தான் போட்டேன்னு நீயும் நெனைக்கிறியா?"

"இல்ல அத்தை. நீங்க போடல."

அத்தையின் கண்ணில் நீர் வழிந்தது. "நீ ஒருத்தியாவது என்னை நம்புறியே தாயி. நீ நல்லா இருப்ப" என்று என் தலையைத் தடவியது.

அப்போதாவது சொன்னேனா? இல்லை! அந்த ஆசீர்வாதத்தையும் திருடி வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் அத்தை போய்விட்டது. சுடுகாட்டில், தாய்க்குக் குடம் எடுத்துச் சுற்றி வர மகனின் கால் இடங்கொடுக்கவில்லை. வேறு ஒருவர் எடுத்தார். என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றி நின்றபடி, "ஒடச்ச காலு ஒடச்சவங்களுக்கே ஒதவல" என்றார். எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

குளிர் கூடினால் இன்றும் அந்த முழங்கால் குடைகிறது. நான்தான் எண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறேன். "ஆத்தா" என்று சொல்லமாட்டார், இன்றும் "அவங்க"தான். நேற்றும் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "பெத்த தாய்க்கு எப்புடித்தான் மனசு வந்துச்சோ" என்றார்.

வாயைத் திறந்தேன்.

"என்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க... எண்ணெய் சூடா இருக்கா?" என்றேன்.