குந்துங்க என்றால் குந்தும் நாய்

என் நாய் சொன்ன பேச்சைக் கேட்காது என்று எழுதிக் கொடுத்த நடுவர் பொய் எழுதியிருக்கிறார். கோப்பை கிடைக்காத வயிற்றெரிச்சலில் இதைச் சொல்லவில்லை. கோப்பையை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன், பருப்பு அளக்கவா? அந்த ஒரு வரியை அவர் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

செஞ்சிக் கடைவீதியில் நானும் வீட்டுக்காரரும் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கிறோம். எங்கள் நாய் செவலை நிற நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது மழைக்குக் கடைக்குள் ஒதுங்கியது. மழை விட்டது, அது போகவில்லை. அதற்கு நான் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. மல்லாட்டை பிடுங்கும் நேரத்தில் வல்லம், தொண்டூர் பக்கமிருந்து கடலை மூட்டை கட்டச் சாக்கு வாங்க வருகிறவர்களிடம், "குந்துங்க, எடுத்தாறன்" என்பேன். அவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். நாயும் கூடவே குந்தும். நாள் முழுக்க இதே கதை. யார் யாரிடம் சொன்னாலும் சரி, அந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும்.

பள்ளிக்கூட மைதானத்தில் நாய் கண்காட்சி, நாட்டு நாய்களும் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கீழ்ப்படிதல் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். வீட்டுக்காரர் சிரித்தார்.

"டீக்கடைப் பொறை துன்ற நாய்க்குப் போட்டியா? அங்க வர்றதெல்லாம் ஏசியில தூங்குற நாய்ங்க."

"நீகூடத்தான் ஃபேன்ல தூங்குற. உன்ன நான் கல்யாணத்துக்கெல்லாம் கூட்டினு போறதில்ல?"

ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டிக் கூட்டிப்போனோம். பக்கத்தில் நின்ற லாப்ரடார் என் நாயின் காதை நக்கியது. அத்தனை நாய்களில் ஒன்றுகூடச் சண்டை போடவில்லை. வளர்த்தவர்கள்தான் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

போட்டி எளிதுதான். ஒரு சுண்ணாம்புக் கோட்டிலிருந்து எதிர்க்கோடு வரை நாய் என்னோடு நடக்க வேண்டும். நடுவில் உட்காரக் கூடாது. பாதி தூரம் ராஜநடை நடந்தது. அப்போது மைக் அலறியது.

"முன்னாடி நிக்கறவங்கல்லாம் குந்துங்கப்பா! பின்னாடி மறைக்குது!"

நாய் குந்திவிட்டது. கூட்டத்தில் ஒருத்தர்கூடக் குந்தவில்லை. "வா, வா" என்று இழுத்தேன், எழுந்தது. மைக் பிடித்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சொன்னா கேக்க மாட்டீங்களா? குந்துங்க!"

மறுபடியும் குந்தியது. மூன்றாம் தடவை அவர் கத்தியபோது, ஏற்கெனவே குந்தியிருந்த நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. இதற்கு மேல் எப்படிக் குந்துவது என்று அதற்குத் தெரியவில்லை.

கூட்டத்திலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "யோவ், மைக்க ஆஃப் பண்ணுய்யா! எங்க நாய் எத்தினி தபா குந்தும்?"

மைதானமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அது வேறு விஷயம். நடுவர் என்னிடம் வந்தார்.

"நாய் ஓனர் பேச்சக் கேக்கலம்மா."

"மைக்ல சொன்னதக் கேட்டுச்சு சார். அது இன்னா தப்பு?"

"ஓனர் சொல்றத மட்டும்தான் கேக்கணும்."

"நான் தெனம் சொல்றதத்தான் அவரும் சொன்னாரு. என் வார்த்தைய அவரு எடுத்துக்கினா, நாய் இன்னா பண்ணும்?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுதினார். நான் பார்த்தேன். ஆனால் தாளில் எழுதியது, 'கீழ்ப்படிதல் இல்லை.' கோப்பை லாப்ரடாருக்குப் போனது. அது நன்றாகத்தான் நடந்தது, நானும் கைதட்டினேன்.

அந்தத் தாளைக் கடை வாசலில் ஒட்டிவைத்திருக்கிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் படிக்கிறார்கள். போன வாரம் தொண்டூர்க்காரர் ஒருவர் சத்தமாகவே படித்தார்.

"இன்னா யக்கா, உன் நாய் அடங்காதாமே?"

"குந்துங்கண்ணா, சொல்றன்" என்றேன். இரண்டு பேரும் குந்தினார்கள்.

நடுவரே, கடைவீதிக்கு வாருங்கள். டீ வாங்கித் தருகிறேன். அன்றைக்கு அந்த மைதானத்தில் சொன்னதும் குந்தியது யார், மூன்று தடவை சொல்லியும் குந்தாதவர்கள் யார்? வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், தாளில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது. ஊரே படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் பதில் எழுதிவிட்டுப் போங்கள்.