மேர்லினும் ஸ்டார்ட் ஆகாத வானும்

விடியற்காலையில் தோணிகள் வந்து ஒதுங்கும் நேரம் குருக்கள்மடத்து வாவிக் கரையில் ஒரு பழைய வெள்ளை டொல்பின் வான் நிற்கும். அதை ஓட்டுகிறவள் மேர்லின். இறாலும் மணலை மீனும் வாங்கி, ஐஸ் போட்ட, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டிகளில் அடுக்கி, பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் கொண்டுபோய் விற்பாள்.

முன்பு அந்த வியாபாரம் அவளுடைய கணவன் யோசேப்புடையது. டீசலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருசம் அது படுத்துப்போனது. அவன் கட்டாருக்குப் போய் ஒரு பஸ் கராஜில் வேலைக்குச் சேர்ந்தான். வான் முற்றத்தில் நின்று தூசி குடித்தது. அதைப் பார்த்துப் பார்த்து மேர்லினுக்கு மனம் பொறுக்கவில்லை. களுவாஞ்சிகுடியில் வான் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். பொம்பிளை மீன் வான் ஓடுவதா என்று சிரித்தவர்கள் கொஞ்ச நாளில் அவளிடமே இறால் கேட்டு வந்தார்கள்.

யோசேப் தினமும் போனில் கோல் எடுப்பான். முதலில் அந்தப் போன் கதை முடியவே முடியாது. பிறகு, யாரும் சண்டை பிடிக்காமலே, அது சுருங்கிக்கொண்டு வந்தது. "சாப்பிட்டியா?" "ஓம். நீங்க?" "ஓம். மகள் படிக்கிறாளா?" "படிக்கிறாள்." அதற்குமேல் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. போனை வைத்த பிறகு மேர்லினுக்கு ஆயிரம் கதை நினைவுக்கு வரும். மறுநாள் அவன் குரலைக் கேட்டதும் அத்தனையும் மறந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் வான் அடம்பிடிக்கத் தொடங்கியது. வெல்லாவெளிச் சந்தியில் விற்று முடித்துவிட்டுத் திறப்பைத் திருப்பினாள். "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் பார்த்தாள், அதே "டிக்". என்ன செய்வதென்று தெரியாமல் யோசேப்புக்கு எடுத்தாள். வேலை நேரத்தில் எடுக்காதவன் அன்றைக்கு எடுத்தான்.

"இஞ்சாருங்க, வான் ஸ்டார்ட் ஆகுதில்ல."

"சத்தம் வருதா?"

"டிக் எண்டு மட்டும் வருது."

"சரி, பதறாத. எனக்கு அந்தச் சத்தத்தக் கேக்கவிடு."

அவள் போனைத் திறப்பின் பக்கத்தில் பிடித்தாள். அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். பற்றரித் தலையை அசைத்துப் பார்த்தாயா, சீற்றைத் தூக்கினால் இடப்பக்கம் ஒரு கறுத்த வயர் இருக்கும், தெரிகிறதா, அதற்கு மேலே நான் சுத்தின நீலத் துணி இன்னும் இருக்கிறதா? இருந்தது. "அது உன்ட பழைய சட்டைத் துணி" என்று அவன் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்று அவள் யோசித்தாள். பிறகு சந்தியில் நின்ற நாலு பேர் வந்து வானைத் தள்ளினார்கள். உருண்ட வேகத்தில் இயந்திரம் பிடித்துக்கொண்டது.

களுவாஞ்சிகுடி மெக்கானிக் சதீசனிடம் கொண்டுபோனால், அங்கே ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. "அக்கா, வருத்தத்தக் காட்டாட்டி நான் எப்பிடி மருந்து குடுக்கிற?" என்றான் அவன். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புதுப்பித்துப் போட்டான். கொஞ்ச நாள் சுகமாக ஓடியது. மறுபடியும் "டிக்".

ஒவ்வொரு முறையும் மேர்லின் கட்டாருக்கு எடுத்தாள். ஒவ்வொரு முறையும் பிழை பிடிபடுவதற்கு முன்பே, யாராவது தள்ளியோ தானாகவோ, வான் ஓடிவிடும். ஆனால் அதற்குள் யோசேப் எங்கெங்கோ போய்வந்துவிடுவான். கலியாணம் முடித்த புதிதில் உன்னிச்சைக் குளத்தடியில் இதே வான் சேற்றில் புதைந்ததை, மகளைப் பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாட்டுவண்டியை விட மெதுவாக ஓட்டியதை எல்லாம் சொல்வான். சில காலைகளில் திறப்பைத் திருப்பியதும் இயந்திரம் ஒழுங்காகப் பிடித்துவிட்டால், மேர்லினுக்கு ஏனோ ஏமாற்றமாக இருக்கும். இதென்ன விசர் என்று தன்னையே ஏசிக்கொள்வாள்.

மாரி தொடங்கிய பின் ஒரு நாள், வெல்லாவெளிக்கு அங்கால் ஒரு வயல் வட்டைக் கரையில் வான் நின்றுவிட்டது. நல்ல மழை. பெட்டிகளில் பாதி மீன் விற்காமல் கிடந்தது, ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. தள்ளிவிடச் சேறு இடம் கொடுக்கவில்லை. அவளிடம் வழக்கமாக மீன் வாங்கும் கந்தப்போடி, வயலுக்குள் டிரக்டரை நிறுத்திவிட்டுக் குடையோடு வந்தார்.

யோசேப் லைனில் இருந்தான். "லைட்டப் போட்டுட்டுத் திறப்பத் திருப்பு. லைட் மங்குதா?"

"மங்கல்ல. நல்ல வெளிச்சமாத்தான் கிடக்கு."

"பற்றரியில பிழை இல்ல மேர்லின். ஸ்டார்ட்டரிலயும் இல்ல. கரண்ட் இயந்திரத்துக்குப் போகுது, திரும்பி வாற வழிதான் இல்ல. ஆரிட்டயாவது பற்றரிக்குக் கொழுவுற தடிச்ச வயர் இருக்கா?"

கந்தப்போடி டிரக்டரிலிருந்து எடுத்து வந்தார். வயரின் ஒரு முனையைப் பற்றரியின் கறுத்த பக்கத்திலும், மற்ற முனையை இயந்திரத்தின் வெறும் இரும்பிலும் பிடிக்கச் சொன்னான் யோசேப். அவர் பிடித்தார். மேர்லின் திருப்பினாள். வான் ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது.

"பிடிச்சிட்டு! கேக்குதா உங்களுக்கு?"

போனை இயந்திரத்தின் பக்கம் நீட்டினாள்.

"இன்னொருக்கா நிப்பாட்டிப் போடு" என்றான் அவன். "அந்தச் சத்தத்தக் கேக்கணும்."

நிறுத்திப் போட்டாள். பிறகும் ஒருக்கா கேட்டான், பிறகும் போட்டாள். கந்தப்போடி மழையில் வயரைப் பிடித்தபடி, "என்னகா, ஸ்டார்ட் ஆகின வான என்னத்துக்குத் திரும்பத் திரும்ப நிப்பாட்டுற?" என்று கேட்டார். மேர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு வானை எடுத்தாள்.

பிழை, இயந்திரத்தையும் வானின் உடம்பையும் இணைக்கும் வயர் ஒன்றில்தான் இருந்தது. மீன் பெட்டியின் உப்புத் தண்ணீர் வருசக்கணக்காக ஒழுகி, அதன் ஆணியடி துருவாகப் பூத்திருந்தது. சதீசன் புது வயர் போட்டு, துருவைச் சுரண்டி, கிறீஸ் பூசி இறுக்கினான். கண்மூடித் திறக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு வான் ஒரு நாளும் மறுக்கவில்லை.

போன் கதை மறுபடியும் சுருங்கியது. சாப்பிட்டியா, ஓம். மகள் படிக்கிறாளா, ஓம். மூன்றாம் கேள்வியாக, "வான் ஸ்டார்ட் ஆகுதா?" என்று கேட்பான். "ஆகுது" என்பாள். அதோடு போனை வைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஏன், ஸ்டார்ட் ஆகினா எங்களுக்குக் கதைக்க ஒண்டும் இல்லையா?"

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. "மேர்லின், நத்தாருக்கு லீவு இல்ல எண்டுட்டானுகள். ஈஸ்டருக்கும் தெரியா. அத உனக்கு எப்பிடிச் சொல்ற எண்டுதான் நான் கதைக்காம இருந்தன்."

அவள் ஏசவில்லை, அழவும் இல்லை. "அத முதல்லயே சொல்லியிருக்கலாம். சொல்லாம நீங்க தூரத் தூரப் போறது மாதிரிக் கிடந்திச்சு" என்றாள்.

"நான் ஒரு இடமும் போகல்ல. கண்ண மூடினா அந்தச் சீற்றிலதான் இருக்கிறன்."

டிசம்பர் வந்தது; நத்தாருக்கு அவன் வரவில்லை. ஆனால் காலையில் அவன் வேலைக்குப் புறப்படும் நேரமும் அவள் பாலத்துக்கு வரும் நேரமும் ஒன்றாக அமைந்தது. அவள் போனைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு வானை ஓட்டுவாள். அவன் அதிகம் கேட்பதில்லை. இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவான்.

"இப்ப எங்க?"

"பாலத்தில ஏறிட்டன்."

"தண்ணி எப்பிடி?"

"நிறைஞ்சு கிடக்கு. வலையத் தட்டி மீன் எடுக்கிறானுகள். கொக்கு எல்லாம் வந்து நிக்குது."

"எவ்வளவு கொக்கு?"

"நீங்க வந்து எண்ணுங்க" என்றாள் மேர்லின். கியரை மாற்றி, எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம் விட்டு, மற்றக் கரையில் இறங்கினாள்.