ஐயாவுக்கு ஊட்டிய கை

நான் இடக்கைக்காரி. எனக்கு ஐந்து வயதில், வெள்ளவத்தை வீட்டில், ஐயா தன் பழைய வேட்டியைக் கிழித்து என் இடது கையை நான் இருந்த கதிரையின் காலோடு கட்டினார். சோறும் எழுத்தும் வலக்கையால்தான் என்றார்.

"பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு இவள் இடக்கையால சோறு போட்டா ஆர் சாப்பிடுவினம்?" என்று அம்மாவிடம் கேட்டார். ஒரு வருடம் கட்டினார். வலக்கை ஒருவாறு பழகியது, ஆனால் நடுக்கம் போகவேயில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோனால் பாதி சாசரில்தான் இருக்கும்.

ஐயா பிள்ளையின் நன்மைக்குத்தான் செய்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், கட்டப்பட்டது அவர்களுடைய கையில்லையே.

அம்மா செத்த மறுவருடம், இரண்டாம் உலக யுத்தகாலத்தில், புதுக்கடை நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்த ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இடக்கையால் சாப்பிட ஐயா மறுத்தார். நான் வலக்கையால் ஊட்டினேன். கூப்பன் அரிசிச் சோறு அவருடைய கழுத்திலும் நெஞ்சிலும் கொட்டியது. வெட்கத்தில் இரண்டு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படியே போனால் ஆள் தங்காது என்றார் டொக்டர்.

ஒரு மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை.

"இடக்கையால சாப்பிடுங்கோவன் ஐயா. அஞ்சு வயசில நான் கை மாத்தேல்லையோ? உங்களுக்கு மட்டும் ஏலாதோ?" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் சோற்றுக் கோப்பையை வைத்ததும் ஐயா தானாகவே இடது கையை நீட்டினார். பிசைய வரவில்லை. எடுத்த சோறு வாய்க்குப் போகுமுன் மடியில் விழுந்தது. சிந்திய ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தார், அடி விழுமோ என்பதுபோல. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பாவி, நான் என்ன செய்துவிட்டேன் என்று உடம்பு கூசியது.

அவருடைய கையைத் துடைத்துவிட்டு, யோசிக்காமல், என் இடது கையால் சோற்றை எடுத்து ஊட்டினேன். அவர் தடுக்கவில்லை. ஒரு பருக்கை சிந்தவில்லை. கோப்பை முடிந்தபிறகு, குழறிய நாக்கால் மெல்லச் சொன்னார்:

"உன்ர இந்தக் கை நடுங்கேல்லையே, பிள்ளை."

பதினாலு வருடம் கழித்துத்தான் அதைக் கண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஓம் ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

எட்டாம் நாள் அவர் போய்விட்டார். அந்த எட்டு நாளும் வயிறாரச் சாப்பிட்டார்.